வீட்டு ஃப்ரீஸ் ட்ரையர்: திரையை அல்ல, தராசைக் கேளுங்கள்

உணவை உறைய வைத்து, வெற்றிடத்தில் காய வைக்கும் வீட்டு ஃப்ரீஸ் ட்ரையர் உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் அதை வாங்கியவர்களில் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். திரையில் ‘முடிந்தது’ என்று வந்ததும் எடுத்து, பையில் போட்டு, ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்துப் பிரித்தால் பழத்துண்டு தோல் மாதிரி வளைகிறது, இறைச்சியில் பழைய வாடை அடிக்கிறது. இயந்திரத்தில் பழுது இருக்காது. உள்ளே கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்ததை யாரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்த விமர்சனம் பொத்தான்களைப் பற்றி அதிகம் பேசாது. காய்ந்ததா என்று உறுதிசெய்வது எப்படி, காயாவிட்டால் எங்கே தேடுவது, எதை உள்ளே வைக்கவே கூடாது என்பவற்றில்தான் நிற்கும்.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் பாதிச் சிக்கலுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். உணவைச் சுமார் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே உறைய வைக்கிறார்கள். பிறகு இயந்திரத்தின் உள்ளறையிலிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள். அழுத்தம் தண்ணீரின் முப்புள்ளிக்கு (பனி, தண்ணீர், ஆவி மூன்றும் ஒன்றாக இருக்கக்கூடிய நிலை) கீழே, அதாவது 4,580 மில்லிடாருக்கு (வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழே போய்விட்டால், பனிக்கட்டி உருகாமல் நேரடியாக ஆவியாகும். வீட்டு இயந்திரங்கள் 500 மில்லிடாருக்கும் கீழே இறங்கி வேலை செய்கின்றன. அந்த அழுத்தத்தில் உணவுக்குள் இருக்கும் பனி ஏறக்குறைய மைனஸ் 25 டிகிரியில் இருக்கும். அறையின் சுவர் அதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், கிளம்பும் ஆவி அங்கே போய் மறுபடி பனியாகப் படிகிறது. பம்ப் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பின் வேலை காற்றை எடுப்பது. தண்ணீரைப் பிடிப்பது சுவர்.

டிரேக்களின் அடியிலிருக்கும் ஹீட்டர் எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். ஒரு கிலோ பனி ஆவியாக ஏறத்தாழ 0.8 யூனிட் வெப்பம் வேண்டும். 5 கிலோ ஸ்ட்ராபெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 91 சதவீதம் தண்ணீர். நாலரைக் கிலோவுக்கு மேல் பனி, அதற்கு மூன்றரை யூனிட் வெப்பம். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த வெப்பம் வெற்றிடத்தில், காற்றின் துணை இல்லாமல், டிரேயைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் பனி உருகிவிடும், உருகியது கொதித்துத் தெறிக்கும். அதனால்தான் ஒரு பேட்ச்சுக்கு 20 முதல் 40 மணி நேரம் பிடிக்கிறது. மின்சாரம் இந்த மூன்றரை யூனிட்டோடு முடிவதில்லை. கம்ப்ரஸரும் பம்பும் ஒரு நாளுக்கு மேல் ஓடுகின்றன. ஒரு பேட்ச்சின் மொத்தச் செலவு அதைப் போலப் பல மடங்கு. பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்றை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுத்துவிடுவது நல்லது. மீட்டர் வாங்கும்போது இயந்திரத்தின் ஆம்பியரைத் தாங்குமா என்று பாருங்கள்.

இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர் ஹார்வெஸ்ட் ரைட். அதைத் தவிர வேறு தயாரிப்புகளும் இப்போது கிடைக்கின்றன. எந்தப் பெயராக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: கதவு, காற்று புகாமல் கதவைச் சுற்றி அடைக்கும் ரப்பர் கேஸ்கெட், உலோக அறை, டிரேக்கள், வடிகால் வால்வு, தனியாக வைக்கும் வேக்குவம் பம்ப். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வரும். சிறியதை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் அதிகம். காரணம் எளிது. சிறிய இயந்திரமும் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, ஆனால் பாதி உணவைத்தான் தருகிறது. இடம் இருந்தால் நடுத்தரம்தான் சரியான தேர்வு.

வைக்கும் இடத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியைப் போல இதுவும் வைத்திருக்கும் வீட்டு அறைக்குள் வெப்பத்தைக் கொட்டும். அறை 27 டிகிரிக்கு மேல் போனால் கம்ப்ரஸர் திணறும், சுவர் போதுமான அளவு குளிராது, அழுத்தம் இறங்காது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தனி மின் இணைப்பு கொடுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். பம்பின் இரைச்சல் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாத அளவுக்கு இருக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. மேசை உறுதியானதாக இருக்கட்டும், இயந்திரத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

டிரே நிரப்புவதில்தான் கைப்பழக்கம் தெரியும். துண்டுகள் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. கனத்துக்குள் இருக்க வேண்டும். காய்தல் வெளியிலிருந்து உள்ளே போகிறது. காய்ந்த வெளிப்பகுதி வெப்பத்தை உள்ளே விடாமல் மறைக்கிறது, உள்ளிருந்து வரும் ஆவியையும் தடுக்கிறது. அதனால் கனத்தை இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதோடு நிற்காது. டிரேயின் விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேல் தட்டின் அடியைத் தொட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அடியில் பட்டர் பேப்பரோ சிலிக்கான் விரிப்போ போடுங்கள். மெழுகுத் தாள் வேண்டாம்.

எல்லா டிரேயையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்துவிட்டால் இயந்திரத்தின் உறைய வைக்கும் நேரத்தில் பல மணி நேரம் மிச்சமாகும். பால், முட்டை, சூப் போன்றவற்றுக்கு இது இன்னும் வசதி: டிரேயை முதலில் ஃப்ரீசரில் சமமாக வைத்துவிட்டு, அதன் பிறகு ஊற்றுங்கள், நடையில் சிந்தாது. உறைந்த டிரேயை உள்ளே வைக்கும் முன் இயந்திரத்தை வெறுமனே அரை மணி நேரமாவது குளிர வைக்க வேண்டும். சூடான அறைக்குள் உறைந்த உணவை வைத்தால் மேற்பரப்பு இளகிவிடும், வெற்றிடம் வந்ததும் அந்த இளகல் நுரைக்கும்.

தோல் உள்ள பழங்கள் தனி ரகம். புளூபெர்ரி, திராட்சை, பட்டாணி இவற்றின் தோல் ஆவியை வெளியே விடாது. பாதியாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் குத்துங்கள். அப்படியே போட்டால் வெளியே மொறுமொறு என்றும் நடுவில் பிசுபிசுப்பாகவும் இருக்கும், சில வெடித்துவிடும். பட்டாணி, பீன்ஸ், சோளம் போன்றவற்றைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்நீரில் ஆற்றிவிட்டு வைத்தால் நிறமும் சுவையும் நெடுநாள் நிற்கும். போடாவிட்டால் நொதிகள் காய்ந்த நிலையிலும் முழுதாகச் செத்துப்போவதில்லை.

உள்ளே வைக்கவே கூடாதவை இரண்டு வகை. ஒன்று கொழுப்பு. வெண்ணெய், எண்ணெய், நிலக்கடலை வெண்ணெய், சாக்லெட் இவற்றில் ஆவியாக்கத் தண்ணீரே சொற்பம். கொழுப்பு வெற்றிடத்தில் ஆவியாகாது, அப்படியே மிஞ்சி, பிறகு காறிப்போகும். கொழுப்பு நிறைந்த இறைச்சிக்கும் இதே கதிதான். சமைத்த பின் கொழுப்பை வடித்து, வெந்நீரில் அலசி, கொழுப்பில்லாத சதையை மட்டும் வையுங்கள். இன்னொன்று சர்க்கரை. தேன், ஜாம், பாகு காயவே காயாது. சர்க்கரைக் கரைசல் செறிவாகும்போது மைனஸ் 30 டிகிரியிலும் முழுக்க உறைவதில்லை. ஃப்ரக்டோஸ் மிகுந்தால் இன்னும் கீழே போக வேண்டும். உறையாத பகுதி வெற்றிடத்தில் பொங்குகிறது. அன்னாசி, திராட்சை, நன்கு கனிந்த மாம்பழம் எல்லாம் இந்த எல்லையில் நிற்பவை. வைக்கலாம், ஆனால் மெல்லியதாக வெட்டி, டிரேயைப் பாதியளவே நிரப்பி, நேரத்தைக் கூட்டி, அதிகம் தண்ணீர் உள்ள பழத்தோடு கலக்காமல் தனியாக ஓட்ட வேண்டும்.

பச்சை முட்டையையும் பச்சை இறைச்சியையும் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஃப்ரீஸ் ட்ரையிங் கிருமிகளைக் கொல்வதில்லை. ஆய்வகங்களில் பாக்டீரியாவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு சேமித்து வைக்கும் முறையே இதுதான். பச்சை முட்டையை உலர்த்தினால் அது பச்சை முட்டைப் பொடி. அதில் சால்மொனெல்லா இருந்திருந்தால் அதுவும் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் எழும். பையின் மேல் ‘பச்சை, சமைக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். பச்சையையும் சமைத்ததையும் ஒரே பேட்ச்சில் வைக்காதீர்கள். பச்சை வைத்த டிரேயைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலைக்கு எடுங்கள்.

முட்டைக் கணக்கு எளிது. ஓடு நீக்கிய நடுத்தர முட்டை 50 கிராம் என்றால் அதில் முக்கால் பங்கு தண்ணீர். 12 முதல் 13 கிராம் பொடி கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டிப் பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் சேர்த்து ஐந்து நிமிடம் வைத்தால் ஒரு முட்டை. அடித்துக் கலக்கி ஊற்றுங்கள், முழு முட்டையாக வைக்க வேண்டாம். ஒரு லிட்டர் பாலுக்கு 125 முதல் 130 கிராம் பொடி வரும்.

இனி முக்கியமான இடம்: காய்ந்ததா என்று பார்ப்பது. இயந்திரம் தன் சென்சார் காட்டும் அழுத்தத்தையும் டிரேயின் வெப்பத்தையும் வைத்து ஊகிக்கிறது. நடு டிரேயின் நடுத்துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் வைக்கும் முன்பே ஒவ்வொரு டிரேயையும் உணவோடு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும். திரை ‘முடிந்தது’ என்றதும் எடுத்து எடை போடுங்கள். உடனே திரும்ப வைத்து இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டுங்கள். மறுபடி எடை போடுங்கள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது. மூன்று, நான்கு கிராம் குறைந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். எடை அசையாமல் நிற்கும்வரை இதுதான் வழி. நீட்டிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதிகமாகக் காய்ந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை, அதனால் உணவு கெடாது.

தராசோடு கையும் உதவும். டிரே வெளியே வரும்போது இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் சில்லென்று இருந்தால் அந்த இடத்தில் பனி இன்னும் இருக்கிறது. ஆவியாகும் பனி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால்தான் அந்தக் குளிர்ச்சி. மிகத் தடிமனான துண்டை எடுத்து உடைத்து, நடுப்பகுதியை உதட்டில் வைத்துப் பாருங்கள். விரலைவிட உதடு சீக்கிரம் குளிரைக் காட்டிக்கொடுக்கும். பச்சை இறைச்சி, முட்டைக்கு இதைச் செய்யாதீர்கள், இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்துப் பாருங்கள். முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பையின் மேலேயே எழுதிவிட்டால், பிறகு எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்ற குழப்பமும் தீர்ந்தது. 640 கிராம் குறைந்திருந்தால் 640 மில்லிலிட்டர்வரை அது திரும்பக் குடிக்கும்.

எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வெற்றிடத்தை விடுவிக்க வடிகால் வால்வைத் திறக்கிறோம். அந்தக் குழாயின் மறுமுனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீரை அறை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். ஒரு நாள் முழுக்கக் காய வைத்தது நனைந்துபோகும். குழாயின் முனை எப்போதும் தண்ணீர்மட்டத்துக்கு மேலே தொங்கட்டும். வால்வையும் மெதுவாகத் திருகுங்கள். சட்டென்று திறந்தால் உள்ளே பாயும் காற்று முட்டைப் பொடியையும் பால் பொடியையும் அறை முழுக்க இறைத்துவிடும். அது கேஸ்கெட்டில் படிந்தால் அடுத்த பேட்ச்சின் சிக்கல் அங்கேயே பிறந்துவிட்டது.

வெற்றிடம் வரவில்லை என்ற எச்சரிக்கைதான் அதிகம் வரும் கோளாறு. சேவை மையத்தை அழைப்பதற்கு முன், மலிவான காரணத்திலிருந்து தொடங்கித் தேடுங்கள். வடிகால் வால்வு முழுக்க மூடியிருக்கிறதா? அதற்குள் முந்தைய பேட்ச்சின் துணுக்கோ பனியோ சிக்கியிருக்கிறதா? கேஸ்கெட்டை ஈரத்துணியால் துடைத்து, விரலால் முழு வட்டமும் தடவிப் பாருங்கள். ஒரு முடி, ஒரு சோற்றுப் பருக்கை அளவு துணுக்கு போதும் காற்று கசிய. கதவை மூடியதும் கண்ணாடி வழியே கேஸ்கெட் அழுந்திய கோடு வட்டம் முழுக்க இடைவெளி இல்லாமல் தெரிய வேண்டும். அடுத்தது பம்புக் குழாயின் இணைப்புகள், கையால் இறுக்கிப் பாருங்கள். பிறகு எண்ணெய். இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், இயந்திரத்தின் உள்ளறையைக் குளிரவைத்து உணவே இல்லாமல் வெறுமனே ஓட்டுங்கள். அரை மணி நேரத்துக்குள் 500 மில்லிடாருக்குக் கீழே இறங்கினால் இயந்திரம் நலம், சிக்கல் உணவில்: அளவு அதிகம், அல்லது சரியாக உறையவில்லை. இறங்கவில்லை என்றால் கசிவு அல்லது பம்ப்.

எண்ணெய் பம்பின் எண்ணெய் தெளிவாக, இளமஞ்சளாக இருக்க வேண்டும். பால் கலந்தது போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்தால் பழசாகிவிட்டது. தண்ணீர் கலந்த எண்ணெயால் ஆழமான வெற்றிடத்தை இழுக்க முடியாது, பம்பின் உட்பகுதியும் துருப்பிடிக்கும். சாதாரணப் பம்புகளில் நாலைந்து பேட்ச்சுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்ற வேண்டும். வடிகட்டியோடு வரும் புதிய வகைகளில் 20 பேட்ச்சுக்கு மேலும் ஓடும். பம்ப் சூடாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். எண்ணெயை ஒரு ஜாடியில் சில நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். மேலே இருப்பதை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். பேட்ச் முடிந்ததும், பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் காஸ் பலாஸ்ட் திருகைத் திறந்துவிட்டுப் பம்பைக் கொஞ்ச நேரம் தனியே ஓட்டினால் எண்ணெயில் கலந்த ஈரம் வெளியேறும். பிறகு மறக்காமல் மூடுங்கள். திறந்தே விட்டால் அடுத்த முறை அழுத்தம் இறங்காது.

எண்ணெய் இல்லாத பம்ப் தனியாக விற்கிறார்கள். விலை நிறைய கூடும். இந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் அதன் உட்புற சீல்கள் தேய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. வாரத்துக்கு ஒரு பேட்ச் ஓட்டும் வீட்டுக்கு எண்ணெய் பம்பே போதும்.

சுவரில் படிந்த பனியைக் கத்தியால் கொத்தக் கூடாது. கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டால் தானே கழன்று விழும். துடைத்து உலர்த்திவிட்டே அடுத்த பேட்ச்.

காய்ந்த உணவு காற்றில் இருக்கும் ஈரத்தை உடனே இழுக்கத் தொடங்கும். ஈரப்பதம் கூடிய அறையில் கால் மணி நேரத்திலேயே தராசில் அது தெரியும். ஆகவே டிரேயை வெளியே எடுக்கும் முன்பே பைகள், சீலர், பேனா எல்லாம் மேசையில் தயாராக இருக்க வேண்டும். மைலார் பை (காற்றும் வெளிச்சமும் புகாத, உலோகப் பூச்சுள்ள பை) 5 முதல் 7 மில் கனமுள்ளதாக இருக்கட்டும்; மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெல்லியதை மொறுமொறுப்பான துண்டின் கூர்முனையே குத்திவிடும். ஒரு லிட்டர் பைக்கு 100 சிசி ஆக்ஸிஜன் அப்சார்பர் (பைக்குள் இருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலம்), நான்கு லிட்டர் பைக்கு 300 சிசி. அப்சார்பர் பாக்கெட்டைப் பிரித்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், மிஞ்சியதைச் சின்ன ஜாடியில் இறுக மூடுங்கள். அப்சார்பரைத் தொட்டால் உள்ளே பொடியாக நெகிழ வேண்டும், கட்டியாக இறுகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பொடி வகைகளை அடைக்கும்போது ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் தூசியால் சீல் பிரிந்துவிடும்.

ஆக்ஸிஜன் அப்சார்பரைப் பற்றி இன்னொன்று. அரைகுறையாகக் காய்ந்த, ஈரமுள்ள உணவை ஆக்ஸிஜன் இல்லாத பையில் அடைப்பது, கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பது. எடை சோதனையை விடாமல் செய்யச் சொல்வது மொறுமொறுப்புக்காக மட்டுமல்ல.

25 ஆண்டு கெடாது என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முழுக்கக் காய்ந்த, கொழுப்பில்லாத உணவு, ஆக்ஸிஜன் நீக்கப்பட்டு, வெளிச்சம் படாமல், குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் நெடுங்காலம் நிற்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. பாலாடைக்கட்டி, முட்டை, கொழுப்புள்ள இறைச்சி இவற்றுக்கு அதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். கண்ணாடி ஜாடி அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சம் நிறத்தை வெளுக்கவைக்கும். சில மாதங்களில் தின்றுவிடப் போவதை மட்டும் அதில் வையுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம், கதவையும் வால்வையும் திறக்க வேண்டாம். சிறிது நேரத்தில் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நெடுநேரம் போய், சுவர்ப் பனி உருகி அறையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால், பழத்தைத் திரும்ப உறைய வைத்து ஓட்டலாம். இறைச்சி, முட்டை, பால், சமைத்த உணவு ஈரத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

யார் வாங்கலாம்? தோட்டத்திலிருந்தோ மொத்தக் கொள்முதலிலிருந்தோ வாரம் தவறாமல் சில கிலோ வந்துகொண்டிருக்கும் வீடு, மலையேற்றத்துக்கு எடை குறைந்த உணவு வேண்டியவர்கள், குழந்தைக்கோ நோயாளிக்கோ குறிப்பிட்ட உணவைத் தாங்களே தயாரித்து வைக்க வேண்டியவர்கள். எப்போதாவது மிஞ்சும் பழத்துக்காக என்றால் சூட்டில் உலர்த்தும் டீஹைட்ரேட்டர் போதும். விலை பல மடங்கு குறைவு. மூலிகை இலைகளுக்கும் அதுவே நன்று.

பழைய இயந்திரத்தை வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிக் குளிரவைத்துத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். நேரில் போய் வெறும் ஓட்டமாக அரை மணி நேரம் ஓடவிட்டு, மில்லிடார் எண் 500க்குக் கீழே இறங்குகிறதா என்று திரையைப் பாருங்கள். பம்பின் கண்ணாடியில் எண்ணெயின் நிறம், கேஸ்கெட்டின் உட்பக்கம் வெடிப்பு, கதவுக் கண்ணாடியின் ஓரங்களில் முடி போன்ற கீறல்கள், இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவில் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.